பாசி பிடித்த பிள்ளையாரும் பதினேழு இஞ்ச் மானிட்டரும்

மன்னார்குடி நண்பர் நேற்று போன் செய்தார். பின்னால் தொப்பை தள்ளிய பழைய கம்ப்யூட்டர் டியூப் மானிட்டர் ஒன்று முந்நூறு ரூபாய்க்கு வருகிறதாம், ஒரு மூலை மட்டும் பச்சையடித்துக் கிடக்கிறதாம், வாங்கலாமா என்றார். பழைய கேம் ஆட அதுதான் வேண்டுமாம், எல்.சி.டி.யில் அந்த ருசி வராதாம். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. அப்படி ஒரு மூலையோடு ஒன்றரை வருஷம் குடித்தனம் நடத்தியவன் நான்.

கும்பகோணத்தில் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்யும் கடை எனக்கு. அங்கே இருப்பதும் டியூப் மானிட்டர்தான், 2004இல் வாங்கியது. கலர் விஷயத்தில் அதைக் குறை சொல்ல வாய் வராது. குங்குமம் குங்குமமாகவே தெரியும், நாலு பேர் நாலு பக்கம் நின்று எட்டிப் பார்த்தாலும் நிறம் மாறாது. வினை பக்கத்து மைக்செட் கடையிலிருந்து வந்தது. திருவிழாவுக்குப் போய்விட்டு வந்த அண்ணன், கூம்பு ஸ்பீக்கரின் காந்தம் இருக்கும் யூனிட்டைக் கழற்றி, "செத்த நேரம் இருக்கட்டும் தம்பி" என்று மானிட்டர் தலைமேல் வைத்துவிட்டுப் போனார். நானும் கவனிக்காமல் கடையைப் பூட்டிவிட்டேன். அந்தச் செத்த நேரம் இரண்டு நாள். திறந்து பார்த்தால் இடது மேல் மூலையில் வெற்றிலை அளவுக்கு ஊதா.

ஒரு வாரத்தில் கண் பழகிவிட்டது, அதுதான் ஆபத்து. அந்த மூலையில் ஒரு பிள்ளையார் படம் வைத்து, ஊதாவாகத் தெரிகிறாரே என்று பச்சையைக் கூட்டிக் கூட்டி, திரையில் அழகாக வந்ததும் ஆப்செட் அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். ஐந்நூறு கார்டு. பெண்ணின் தாய்மாமா, திருவையாற்றுக்காரர், ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "எங்க பிள்ளையாருக்குப் பாசி பிடிச்சிருக்கே தம்பி" என்றார். குளத்தங்கரைப் பிள்ளையார் என்று சமாளித்துப் பார்த்தேன். எடுபடவில்லை. மறுபடி அடித்த செலவு என்னுடையது.

நடந்தது இதுதான். கண்ணாடிக்குப் பின்னால் பொடிப்பொடி ஓட்டைகள் போட்ட மெல்லிய இரும்புத் தகடு ஒன்று இருக்கிறது, ஷேடோ மாஸ்க் என்பார்கள். சிவப்பு, பச்சை, நீலத்துக்கான எலக்ட்ரான் கற்றைகள் அதன் வழியாகத்தான் தத்தம் புள்ளியில் போய் விழவேண்டும். தகடே காந்தமாகிவிட்டால் கற்றை வளைந்து பக்கத்து வீட்டில் போய் விழும். இதைச் சரிசெய்ய டியூபைச் சுற்றி ஒரு காயில், அதாவது கம்பிச்சுருள், உண்டு. ஆன் செய்ததும் "டொய்ங்" என்று ஒரு சத்தம் வரும். ஓடும்போது அதற்கான பட்டனை அமுக்கினால் படமும் ஒருமுறை குலுங்கி அடங்கும். அதுதான் டீகாஸ், தகட்டில் ஏறிய காந்தத்தை எடுப்பது. அந்தச் சத்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், கடை திறந்ததும் கேட்கும் முதல் சத்தம். ஆனால் அடுத்தடுத்து அமுக்கிப் பிரயோஜனமில்லை. காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் பாகம் சூடேறித்தான் வேலை செய்யும், அது ஆற இருபது நிமிஷம், அரை மணி ஆகும். இது தெரியாமல் நாற்பது தடவை அமுக்கியிருக்கிறேன்.

ஒரு மெக்கானிக் பார்த்துவிட்டு டியூப் போச்சு, மாத்தணும் என்றார். நான் விட்டுவிட்டேன். ஒன்றரை வருஷம் கழித்து வயதான டிவி மெக்கானிக் ஒருவர், சல்லடை அகலத்தில் செம்புக்கம்பி சுற்றிய வளையத்தோடு வந்தார். நேரே 230 வோல்ட்டில் சொருகி, சுவிட்சை அமுக்கியபடி திரைக்கு முன்னால் ஆரத்தி மாதிரி சுற்றினார். அப்படியே சுற்றிக்கொண்டே வாசல்வரை மெல்லப் பின்வாங்கி, ஆறேழு அடி தள்ளிப் போனபிறகுதான் சுவிட்சை விட வேண்டும். அவர் இரண்டாவது சுற்றில் இருந்தபோது கரண்ட் போய்விட்டது. 2010ஆம் வருஷம், கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்! கிட்டத்தில் இருக்கும்போது பட்டென்று நின்றால் காந்தம் இன்னும் அழுத்தமாக ஏறும். கரண்ட் வந்தபிறகு பார்த்தால் திரை முழுக்க வானவில். அவர் அசரவில்லை. டீ குடித்துவிட்டு மறுபடி சுற்றினார். ஊதா சுருங்கிச் சுருங்கி, அவர் வாசல்படியைத் தொட்டபோது காணவே காணோம். ஐம்பது ரூபாய்தான் வாங்கினார்.

முழுக்கப் போனதா என்றால், இல்லை. வெள்ளைப் பக்கம் திறந்தால் மூலையில் நகக்கண் அளவு சாயம் இன்னும் இருக்கிறது. தகடு லேசாக நெளிந்திருக்கலாம், அதற்கு மருந்தில்லை என்றார் அவர். எனக்கு மட்டும்தான் தெரிகிறது, தெரிந்துகொண்டே இருக்கிறது.

நண்பரிடம் வாங்காதே என்றேன். மூட்டை கனம், கரண்ட் தின்னும், கெட்டால் பார்க்க ஆளில்லை. ஆர்வக்கோளாறில் பின்பக்கத்தைத் திறக்காதே, அணைத்து வைத்தாலும் உள்ளே ஆயிரக்கணக்கில் வோல்ட் தங்கியிருக்கும் என்றும் சொன்னேன். "சரி, அப்ப உன்னோடதைக் குடு" என்றார். அதெல்லாம் தர முடியாது. ராத்திரி முழுக்க அணைத்து வை, காலையில் ஆன் செய்து பச்சை கொஞ்சமாவது சுருங்குகிறதா பார், சுருங்கினால் இருநூற்றைம்பதுக்குக் கேள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை அந்த வயதான மெக்கானிக்கின் வளையக் காயிலை இரவல் வாங்கிக்கொண்டு மன்னார்குடி பஸ் ஏறுகிறேன். அன்றைக்கு அங்கே கரண்ட் நிறுத்துகிறார்களா என்று மட்டும் முதலில் விசாரித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.