"கலர் ஐசி போயிடுச்சு" என்று சொன்னால் டிவியைக் கழற்ற விடாதீர்கள்

பழைய டிவியில் ராஸ்பெர்ரி பை (கையகல போர்டில் வரும் குட்டிக் கம்ப்யூட்டர்) மாட்ட நினைப்பவர்கள், காசு கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். கேபிள் விற்றவர் ஒரு பக்கம், டிவி மெக்கானிக் இன்னொரு பக்கம் என்று என்னிடம் பிடுங்கிவிட்டார்கள்.

பையன் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழி கற்றுக்கொள்ள வாங்கிய ராஸ்பெர்ரி பை 3 அது. வீட்டில் சும்மா கிடக்கும் 21 இன்ச் டிவியில் போட்டுக்கொள்ளலாம் என்று ரிச்சி தெருவில் ஒரு கடையில் கேட்டேன். ஒரு முனையில் எச்டிஎம்ஐ, மறுமுனையில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை பின் வைத்த வயரை எடுத்துக் கொடுத்து, "நேரா சொருகுங்க சார், படம் வரும்" என்றார்கள். 450 ரூபாய். படம் வரவே இல்லை. திருப்பிக் கொடுக்கப் போனால் "உங்க போர்டுலதான் ஃபால்ட்" என்று கையை விரித்துவிட்டார்கள்.

அந்த வயரில் படம் வர வழியே கிடையாது. எச்டிஎம்ஐயில் வருவது டிஜிட்டல் சிக்னல், டிவியின் மஞ்சள் சாக்கெட்டுக்கு வேண்டியது அனலாக். நடுவில் ஒரு சிப் இருந்து மாற்றிக் கொடுக்க வேண்டும். அது சின்னப் பெட்டியாக, பெரும்பாலும் யுஎஸ்பியில் 5 வோல்ட் கேட்கும்படி வரும். பெட்டியே இல்லாத வெறும் வயரை ஆன்லைனிலும் கூசாமல் விற்கிறார்கள்.

பை 3-க்கு அந்தப் பெட்டிகூட வேண்டாம். ஹெட்போன் சாக்கெட்டிலேயே வீடியோவும் வருகிறது, நான்கு பட்டை உள்ள 3.5 எம்எம் ஏவி கேபிள் போதும். ஆனால் கேம்கார்டர் கேபிளும் பார்க்க அச்சு அசலாக இப்படியே இருக்கும், உள்ளே இணைப்பு மாறியிருக்கும். பைக்கு நுனியிலிருந்து வரிசையாக இடது ஆடியோ, வலது ஆடியோ, கிரவுண்ட், கடைசியில் வீடியோ. மல்டிமீட்டரைக் கன்டின்யுட்டியில் (இரண்டு முனைக்கும் இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலை) வைத்துப் பாருங்கள். மஞ்சள் பின்னின் நடு ஊசி பிளக்கின் அடிப்பட்டையோடும், வெளி வளையம் அதற்கு முந்தைய பட்டையோடும் பீப் அடிக்க வேண்டும்.

சரியான கேபிள் போட்டதும் படம் வந்தது, ஆனால் கருப்பு வெள்ளையில். மெக்கானிக்கை வரவழைத்தேன். பின்பக்கத்தைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "கலர் ஐசி போயிடுச்சு சார், மாத்தணும்" என்றார். செட்டாப் பாக்ஸை அதே ஏவி சாக்கெட்டில் போட்டால் கலர் வருகிறதே என்று கேட்டேன். "அது சிக்னல் ஸ்ட்ராங், இது வீக்" என்றார். போர்டைக் கடைக்குத் தூக்கிப் போய், 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டு மாட்டிவிட்டுப் போனார். அப்போதும் கருப்பு வெள்ளைதான். போன் செய்தால், "அந்தக் கம்ப்யூட்டரே அப்படித்தான் சார்."

டிவியில் ஒரு கோளாறும் இல்லை. நம் நாட்டில் பிஏஎல் முறை: 625 கோடு, நொடிக்கு 50 ஃபீல்டு, கலருக்கான துணை அலை 4.43 மெகாஹெர்ட்ஸ். பையோ நாம் மாற்றாதவரை அமெரிக்காவின் என்டிஎஸ்சி முறையில் அனுப்பும்: 525 கோடு, 60 ஃபீல்டு, 3.58 மெகாஹெர்ட்ஸ். பல டிவிகள் படத்தை எப்படியோ பிடித்துவிடும், கலர் மட்டும் பிடிபடாது. பையின் எஸ்டி கார்டில் உள்ள கான்ஃபிக் (செட்டிங்) கோப்பில் எஸ்டிடிவி மோட் என்ற வரி 0 என்றால் என்டிஎஸ்சி, 2 என்றால் பிஏஎல். பையன் 2 போட்டு ரீஸ்டார்ட் செய்தான், மெனு மூலையில் இருந்த ராஸ்பெர்ரிப் பழம் சிவப்பாக வந்தது. இதற்குச் செலவு ஒரு பைசா இல்லை. (புதிய ஓஎஸ்ஸில் இந்த வரி எடுபடாது, கமாண்ட்லைன் கோப்பில் பிஏஎல் என்று கொடுக்க வேண்டும். பை 4-இல் டிவி அவுட்டை முதலில் ஆன் செய்ய வேண்டும்.)

அப்புறம் எலக்ட்ரானிக்ஸ் வேலை தெரிந்த என் மைத்துனர் டிவியைத் திறந்து பார்த்தார். அந்த மாடலில் கலருக்கென்று தனி ஐசியே இல்லை, எல்லாம் ஒரே பெரிய சிப்பில். அதன் கால்களில் பழைய சால்டர், மேலே பழைய தூசி, எதையும் யாரும் தொட்டிருக்கவில்லை. பழக்கமில்லாதவர்கள் இதைப் பார்க்கிறேன் என்று திறந்துவிடாதீர்கள். பிக்சர் டியூப் 20,000 வோல்ட்டுக்கு மேல் வேலை செய்வது, ஆஃப் செய்த பிறகும் ஷாக் அடிக்கும்.

கேபிளுக்குப் பில் இருந்ததால் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். மெக்கானிக் பில்லே தரவில்லை. மாற்றியதாகச் சொன்ன பழைய ஐசியைக் கேட்டதற்கு, "தூக்கிப் போட்டுட்டேன் சார்" என்றார். இப்போது என் போனை எடுப்பதே இல்லை.