எக்ஸ்எல் சூப்பர், டிவிஎஸ் 50 வைத்திருப்பவர்களுக்கு: "டியூனிங்" பண்ணித் தருகிறேன் என்று எங்கள் எஞ்சினை ஜாம் ஆக்கிய கதை

ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கள் ஊர். அப்பாவிடம் இருப்பது 2009இல் வாங்கிய டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பர், 69.9 சிசி டூ ஸ்ட்ரோக், அதாவது பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்றி ஓட்டுகிற எஞ்சின். விடியற்காலை மூன்று மணிக்கு முருங்கைக் கட்டும் கத்திரிக்காய் மூட்டையும் ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகிற வண்டி. போன மாதம் திரும்பி வரும் வழியில், ஏற்றத்தில், எஞ்சின் பிடித்துக்கொண்டது, அதாவது பிஸ்டன் உள்ளே இறுகி ஜாம் ஆகி நின்றுவிட்டது. பதினைந்து வருடத்துக்கு மேல் ஓடிய வண்டி, போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் அது பழசாகிப் போனதல்ல. மூன்று தடவை காசு வாங்கிக்கொண்டு ஒருவர் கெடுத்தது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஆரம்பம் சின்ன விஷயம். வண்டி ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டர் கொடுக்காமல் நிற்கும்போது, சீராக ஓடவில்லை. சில நேரம் ஆஃப் ஆகிவிடும், சில நேரம் ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இரைந்துகொண்டே இருந்து மெதுவாகத்தான் அடங்கும். அப்பா டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனார். மொபெட் கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) டியூனிங்கில் அந்தக் கடைக்காரர்தான் கில்லாடி என்று நாலு பேர் சொல்லியிருக்கிறார்கள். அங்கே அப்பா சொன்னது இதுதான்: "தம்பி, கைய விட்டாலும் இரைச்சல் உடனே இறங்க மாட்டேங்குது. மூட்டை ஏத்துனா சூடு அதிகமாத் தெரியுது." அவர் காதில் வாங்கவே இல்லை. "அதெல்லாம் கார்பரேட்டர்தான் பெரியவரே, டியூனிங் பண்ணா சரியாயிடும்" என்று சொல்லி, பெட்ரோல் ஊற்றிக் கழுவி, ஐடிலிங் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஐடில் ஸ்க்ரூவை ஏற்றி வைத்து 350 ரூபாய் வாங்கினார்.

அன்று சாயங்காலம் ஸ்டாண்டில் போட்டு ஸ்டார்ட் செய்தால் பின் சக்கரம் தானாகச் சுற்றியது. எக்ஸ்எல்லில் இருப்பது சென்ட்ரிஃபூகல் கிளட்ச், எஞ்சின் வேகத்தைப் பொறுத்துத் தானாகப் பிடித்து விடுவது. ஐடிலிங் அளவுக்கு மேல் போனால் கிளட்ச் தானே பிடித்துவிடும். ஜன நெரிசலில் நிற்கும்போது வண்டி முன்னால் இழுத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அப்பா மறுபடி போனார். இந்தத் தடவை, "கார்பரேட்டர் தேஞ்சு போச்சு, ஒரிஜினல் போட்டுத் தரேன்" என்று 1,650 ரூபாய். பழையதைத் திருப்பித் தரவில்லை. நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். போனில் கேட்டதும் பணத்தை கூகுள் பேயில் அனுப்பிவிட்டேன். ஒரு ஃபோட்டோ அனுப்பச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மூன்றாவது தடவை புகைக்காகப் போனார். அப்போது சொன்ன ஆலோசனைதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. "ஆயில் ஜாஸ்தியா ஊத்துறீங்க. லிட்டருக்கு 10 மில்லி போதும்." அப்பா இத்தனை வருடமும் லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் எண்ணெய்) ஊற்றுகிறவர், அதாவது ஐம்பதுக்கு ஒன்று. மெக்கானிக் சொன்னாரே என்று பாதியாகக் குறைத்தார். கூடவே கார்பரேட்டருக்குள் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியான நீடிலின் கிளிப்பை ஒரு வெட்டு மேலே மாற்றி, "மைலேஜ் கூடும்" என்று 200 ரூபாய். கிளிப் மேலே போனால் நீடில் கீழே இறங்கும், பெட்ரோல் குறையும். எட்டாவது நாள் ஜாம்.

நல்ல வேளை, கிளட்ச் விட்டுவிட்டதால் சக்கரம் பூட்டவில்லை. அப்பா விழவில்லை. கிக்கர் மட்டும் அசையவில்லை. இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார், அறுபத்தெட்டு வயதில்.

நான் ஊருக்குப் போய், பழனி ரோட்டில் டூ ஸ்ட்ரோக் மட்டுமே பார்க்கிற ஒரு வயதான மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் முதலில் கார்பரேட்டரைத் தொடவில்லை. தீப்பொறி தரும் ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றி என் கையில் கொடுத்தார். முனை சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. "இதப் பாத்தாலே போதும் தம்பி. பெட்ரோல் பத்தாம வெந்திருக்கு" என்றார். ப்ளக் பிஸ்கட் நிறத்தில் இருந்தால் கலவை சரி. கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம். புகையும், இழுக்காது, ஆனால் எஞ்சினை உடனே கொல்லாது. வெள்ளைதான் ஆபத்து.

ஹெட்டைத் திறந்தோம். சைலன்சர் பக்கம் பிஸ்டன் முழுக்கக் கோடு கோடாகக் கீறல், அலுமினியம் உருகி, பிஸ்டன் ஓடும் சிலிண்டர் உட்சுவரில் (போரில்) ஒட்டியிருந்தது. பிறகு எஞ்சின் பக்கவாட்டில் மின்சாரம் தரும் மேக்னெட்டைக் கழற்றினார். பின்னால் எண்ணெய்ப் பசை. சுழலும் தண்டைச் சுற்றிக் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் இறுகி, உதடு வெடித்திருந்தது. அதுதான் மூல வியாதி. கார்பரேட்டரும் எஞ்சினும் சேரும் இடத்தில் காற்று புகாமல் அடைக்கும் கேஸ்கெட்டுக்குப் பதிலாக வெறும் பேஸ்ட் தடவியிருந்தது வேறு. அது அந்தக் கடைக்காரர் கைங்கரியம்.

இது ஏன் முக்கியம் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குக் கீழே உள்ள அறையான கிராங்க் கேஸே ஒரு பம்பு மாதிரி. பிஸ்டன் மேலே ஏறும்போது உள்ளே உறிஞ்சும். சீல் போனாலோ கேஸ்கெட் கசிந்தாலோ, கார்பரேட்டர் வழியாக வர வேண்டிய காற்றோடு வெளிக்காற்றும் உள்ளே போகும். காற்று கூடும், அதற்கேற்ற பெட்ரோல் வராது. எண்ணெயும் பெட்ரோலோடுதானே வருகிறது? அப்படியானால் பெட்ரோல் குறைகிற வண்டியில் எண்ணெயும் குறைகிறது. சூடும் ஏறுகிறது. இதில் 20 மில்லியை 10 ஆக்கி, நீடிலையும் இறக்கினால், எஞ்சினுக்கு மூன்று பக்கமும் அடி. கையை விட்டாலும் இரைச்சல் இறங்காததற்குக் காரணம் இந்தக் காற்றுக் கசிவுதான். அப்பா முதல் நாளே அதைச் சரியாகச் சொல்லிவிட்டார். காதால் கேட்டு, கையால் சூடு பார்த்துச் சொன்னவரை அந்த ஆள் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. பணம் போனதைவிட எனக்கு இதுதான் வலி.

"ஒரிஜினல்" என்று போட்ட கார்பரேட்டரின் பாடியில் எந்த முத்திரையும் இல்லை. பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டில் அளவு எண் பொறிக்கவே இல்லை. அந்தக் கடைக்காரரிடமே கேட்கப் போனேன். "இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலக்குறாங்க சார், அதனால வந்தது" என்றார். 20 சதவீதம் எத்தனால் கலந்து வருவது உண்மைதான். எத்தனால் கலந்தால் கலவை இன்னும் கொஞ்சம் வறளும், அதாவது காற்றுக்கு எரிபொருள் பத்தாது என்பதும் உண்மை. அப்படித் தெரிந்தவர் பெட்ரோலைக் கூட்டித்தானே வைத்திருக்க வேண்டும், ஏன் குறைத்தார்? பதில் இல்லை. பழைய கார்பரேட்டர் எங்கே என்றதற்கு, "பழைய இரும்புக்காரன் வந்து எடுத்துட்டுப் போயிட்டான்."

போர் அடித்து (சிலிண்டர் உட்சுவரைக் கடைந்து), அதற்கேற்ற 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன், இரண்டு பக்கமும் ஆயில் சீல், கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்த்து 5,400 ரூபாய் ஆனது. முன்னால் கொடுத்த 2,200 தனி.

புது பிஸ்டனோடு அந்தப் பெரியவர் டியூனிங் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கேஸ்கெட் ஓரத்திலும் சீல் பக்கமும் கார்பரேட்டர் கிளீனரை லேசாக அடித்தார். சத்தம் மாறினால் அங்கே கசிவு என்று அர்த்தம், மாறவில்லை. வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கினார். கலவையில் காற்றின் அளவைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவை மெதுவாக முழுக்க மூடி, ஒன்றரைச் சுற்று திறந்தார். பிறகு கால் சுற்று, கால் சுற்றாக முன்னும் பின்னும் திருப்பி, எஞ்சின் அதிக வேகத்தில் சீராக ஓடும் இடத்தைப் பிடித்தார். கடைசியாக ஐடில் ஸ்க்ரூவை இறக்கி, பின் சக்கரம் நிற்கும் அளவில் விட்டார். மொத்தம் இருபது நிமிடம். இதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

உங்கள் வண்டியை யாரிடம் கொடுத்தாலும், ப்ளக்கைக் கழற்றிப் பார்க்காமல் ஸ்க்ரூட்ரைவரை எடுக்கிறவரிடம் கொடுக்காதீர்கள். எஞ்சின் சூடாகாமல் டியூனிங் செய்தால் நிறுத்துங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு கேட்டு வாங்குங்கள், உடைந்ததாக இருந்தாலும் சரி. எண்ணெயைக் குறைக்கச் சொன்னால் கேட்காதீர்கள். பில்லில் பாகத்தின் பெயரும் விலையும் எழுதி வாங்குங்கள். எங்களிடம் இருப்பது ஒரு துண்டுச் சீட்டும் கூகுள் பே பதிவும்தான். அவற்றை வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன். எக்ஸ்எல் சூப்பரின் பழைய ஒரிஜினல் கார்பரேட்டர் நல்ல நிலையில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். நியாயமான விலைக்கு வாங்கிக்கொள்கிறேன்.