மாட்டுவண்டி, ரயில், ஆட்டுமந்தை: மத்திய இத்தாலியில் மூன்று கிராவல் பாதைகள்

இத்தாலியில் கிராவல் சைக்கிள், அதாவது மண்சாலையிலும் சரளையிலும் போக அகலமான டயர் போட்ட சைக்கிள், ஓட்ட எங்கே போகலாம் என்று யாரைக் கேட்டாலும் பதில் டஸ்கனி என்றுதான் வரும். சைப்ரஸ் மரங்கள் வரிசைகட்டி நிற்கும் வெள்ளை மண்சாலை, குன்றின் உச்சியில் ஒரு கல்வீடு, தூரத்தில் சியெனா நகரத்துக் கோபுரம். அந்தப் படத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதில் ஏற்றம் எவ்வளவு செங்குத்து என்பது தெரியாது. மத்திய இத்தாலியிலேயே அதோடு போட்டி போடக்கூடிய இன்னும் இரண்டு பாதைகள் இருக்கின்றன: அம்ப்ரியாவில் ஸ்பொலேட்டோவிலிருந்து நோர்ச்சாவுக்குப் போகும் பழைய ரயில் தடம், அப்ருத்சோவில் கிரான் சாசோ மலையின் தெற்குப் பக்கம்.

அழகை வைத்து இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது, மூன்றுமே அழகுதான். அந்தப் பாதை முதலில் யாருடைய போக்குவரத்துக்காக உருவானது என்று பார்ப்பது நல்லது. சியெனாவில் மாட்டுவண்டிக்காக, அம்ப்ரியாவில் ரயிலுக்காக, அப்ருத்சோவில் ஆட்டுமந்தைக்காக. கால் எவ்வளவு வலிக்கும், டயர் எவ்வளவு அகலம் வேண்டும், ஊர்கள் எத்தனை கிலோமீட்டருக்கு ஒன்று வரும் என்பதெல்லாம் பெரும்பாலும் அதிலிருந்தே வருகிறது.

சியெனா: குன்றின் தலைமேல் வீடு

டஸ்கனியின் விவசாயம் நூற்றாண்டுகளாக வாரமுறையில் நடந்தது. நிலம் பிரபுவுடையது, உழைப்பு குடியானவருடையது, விளைச்சலில் ஆளுக்குப் பாதி. குடியானவர் குடும்பம் ஊருக்குள் இல்லாமல் தான் உழும் நிலத்திலேயே, பெரும்பாலும் குன்றின் உச்சியில், தனி வீட்டில் இருந்தது. அந்த வீடுகளை இணைக்கத்தான் இந்த வெள்ளைச் சாலைகள். வண்டிப்பாதை வளைந்து நெளிந்து போக மெனக்கெடுவதில்லை. ஓடையில் இறங்கும், உடனே அடுத்த வீட்டுக்கு நேராக ஏறும். அதனால்தான் இங்கே நீண்ட மலையேற்றம் குறைவு. அரை கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர் என்று குட்டிக் குட்டியாக, ஆனால் மிகக் கடுமையாக இருக்கும். சியெனாவுக்குப் பக்கத்தில் உள்ள லே தோல்ஃபே என்ற மண்சாலை மொத்தமே ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான், அதில் ஏற்றம் 18 சதவீதத்தைத் தொடும்.

1964-இல் புதிய வாரக் குத்தகைகளைச் சட்டம் தடைசெய்தது. அந்தக் காலத்திலேயே குடும்பங்கள் நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. ஆளில்லாத சாலைக்கு யார் தார் போடுவார்கள்? அப்படித்தான் பல சாலைகள் மண்ணாகவே மிஞ்சின. பின்னால் பணமும் காரும் வந்தபோது, அவற்றையும் தார் போட்டு மூடிவிடுவார்கள் என்று கவலைப்பட்டவர்களில் ஜான்கார்லோ பிரோச்சியும் ஒருவர். 1997-இல் காயோலே இன் கியாந்தி என்ற சிற்றூரில் அவர் தொடங்கியதுதான் லெரோய்க்கா. 1987-க்கு முந்தைய பந்தய சைக்கிள்களில், பழைய கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு ஓட்டும் விழா. இன்று உலகத்தின் பல நாடுகளில் அதன் கிளைகள் நடக்கின்றன. அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, ஒரு சைக்கிள் விழாவால் அந்த மண்சாலைகளுக்கு ஒரு மதிப்பு வந்தது என்பதுதான். சாலையை அப்படியே விட்டுவைப்பதிலும் ஊருக்கு லாபம் இருக்கிறது என்று காட்டியவர்கள் அவர்கள்.

விழா அக்டோபரில். ஆனால் 209 கிலோமீட்டர் சுற்றுப்பாதை ஆண்டு முழுக்க வழிகாட்டிப் பலகைகளோடு திறந்தே இருக்கிறது. ஏறத்தாழ பாதி மண்சாலை, மொத்த ஏற்றம் 3,500 மீட்டருக்கும் மேல். நல்ல பயிற்சி உள்ளவர்கள்கூட இதை இரண்டு மூன்று நாளாகப் பிரித்து ஓட்டுவதுதான் சரி. இதில் என் பரிந்துரை, நாள் குறைவாக இருந்தால் வடக்கே உள்ள கியாந்திப் பகுதியைச் சுருக்கிவிட்டுத் தெற்கே போங்கள். கியாந்தியில் காடும் திராட்சைத் தோட்டமும் மாறி மாறி வரும். புரோலியோ கோட்டை வழியாக ஏறும் சைப்ரஸ் சாலை நிச்சயம் பார்க்க வேண்டியது. ஆனால் அங்கே தார்ச்சாலை அதிகம், ஒயின் வாங்க வரும் கார்களும் அதிகம். சியெனாவுக்குத் தென்கிழக்கே, ஆஷானோவைச் சுற்றியுள்ள கிரேத்தே செனேசிதான் இந்தப் பாதையின் உயிர். ஒரு காலத்தில் கடலடியாக இருந்த சாம்பல் நிறக் களிமண் குன்றுகள், மரமே இல்லாமல், கோதுமையும் புல்லுமாக விரிந்து கிடக்கும்.

அங்கேதான் மோந்தே சாந்தே மரியே என்ற 11.5 கிலோமீட்டர் மண்சாலை. 2007-இல் தொடங்கிய ஸ்த்ராதே பியாங்கே தொழில்முறைப் பந்தயத்தில் வெற்றி பல முறை இங்கேதான் தீர்மானமாகிறது. 2024-இல் ததேய் போகச்சார் இந்தச் சாலையில் எல்லாரையும் விட்டுப் பிரிந்து, மிச்சம் 81 கிலோமீட்டரைத் தனியாகவே ஓட்டி, சியெனாவின் பெரிய சதுக்கத்தில் வந்து ஜெயித்தார். அந்த இடத்தில் சரிந்து இறங்கி, உடனே அதே அளவு ஏறிப் பார்த்தால்தான் அவர் செய்தது எப்பேர்ப்பட்ட காரியம் என்று உடம்புக்குப் புரியும்.

இரண்டு எச்சரிக்கைகள். இந்தப் பகுதியில் நிழல் கிடையாது, தண்ணீரும் கிடையாது. ஆஷானோவில் பாட்டில்களை நிரப்பாமல் கிளம்பக் கூடாது. ஜூலை, ஆகஸ்டில் போகவே வேண்டாம். அப்புறம் மழை. சரளை போட்ட சாலை மழையிலும் தாங்கும். ஆனால் குறுக்குவழி என்று வயல் பாதையில் இறங்கினால் களிமண் டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது.

ஸ்பொலேட்டோ – நோர்ச்சா: ரயில் ஏறிய அளவுக்கே ஏற்றம்

1926-இல் திறந்த மின்சார ரயில், 1968-இல் மூடிவிட்டார்கள். நீளம் 51 கிலோமீட்டர், 19 குகைகள், 24 பாலங்கள். மலையைக் கடக்கச் சுவிட்சர்லாந்துப் பொறியாளரைக் கொண்டுவந்து, அந்த நாட்டு மலை ரயில்களைப் போலவே குகைக்குள் வளைந்து வளைந்து இறங்கும்படி கட்டினார்கள். தண்டவாளத்தை எடுத்துவிட்ட அந்தத் தடத்தில்தான் இப்போது சைக்கிள் போகிறது. ரயிலுக்காகப் போட்ட பாதையில் சரிவு 4.5 சதவீதத்தைத் தாண்டாது. சியெனாவில் 18 சதவீதம் என்று சொன்னேன் அல்லவா, அந்த வித்தியாசம்தான் இந்த இரண்டு பாதைகளுக்கும் நடுவே.

ஸ்பொலேட்டோவில் தொடங்கினால் முதலில் சீரான ஏற்றம். பிறகு ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள கப்ராரேச்சா குகை. உள்ளே விளக்கில்லாமல் எதுவும் தெரியாது. கோடையிலும் குளிர் எலும்பில் இறங்கும். வெளியே வந்ததும் உயரமான கல்பாலங்கள் மேல் சுற்றிச் சுற்றி இறங்கி நேரா என்ற ஆற்றின் கரைக்கு வருகிறீர்கள். வல்லோ தி நேரா போன்ற பழைய கோட்டை ஊர்கள் ஆற்றுக்கு மேலே சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் தடத்தை விட்டு ஏறத்தான் வேண்டும். இதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். எப்போது கஷ்டப்படுவது என்பதை நீங்களே முடிவு செய்யக் கிடைக்கும் ஒரே பாதை இதுதான்.

முழுத் தடமும் எப்போதும் திறந்திருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. 2016 அக்டோபர் 30 நிலநடுக்கம் நோர்ச்சாவைச் சிதைத்தது. புனித பெனடிக்ட் பிறந்த ஊரில் அவர் பெயரிலான பேராலயம் முகப்பு மட்டும் நிற்க, மற்றதெல்லாம் இடிந்து விழுந்தது. தடத்தின் மேற்பகுதியும் அடி வாங்கியது. எந்த இடம் வரை போகலாம் என்று ஸ்பொலேட்டோவிலேயே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். நோர்ச்சாவில் போய்ச் சாப்பிடுவது அந்த ஊருக்குச் செய்யும் உதவியும்கூட. பன்றி இறைச்சிக்குப் பேர்போன ஊர் என்றாலும், சைவக்காரர்களுக்கு மேலே கஸ்தெலூச்சோ சமவெளியில் விளையும் சின்னப் பருப்பில் செய்த சூப் இருக்கிறது. நாள் முழுக்கப் பெடல் மிதித்தவருக்கு அது போதும்.

அப்ருத்சோ: ஆடு நடந்த அகலம்

மூன்றாவதை யாரும் முதலில் சொல்வதில்லை. இங்கே மலைக்கிராமங்கள் ஆட்டுக் கம்பளியால் வாழ்ந்தவை. கோடையில் கிரான் சாசோவின் மேய்ச்சல் நிலம், இலையுதிர்காலத்தில் தெற்கே புலியாவின் சமவெளி. லட்சக்கணக்கான ஆடுகள் இரண்டுக்கும் நடுவே நடந்தன. அந்தப் புல்வழிகள் 111 மீட்டர் அகலம். அவற்றில் பெரியது அப்ருத்சோவின் லாக்விலா நகரத்திலிருந்து புலியாவின் ஃபோஜா வரை 244 கிலோமீட்டர். 1447-இல் அரகோனின் அல்போன்சோ இந்த நடமாட்டத்துக்கு வரி வாங்க ஒரு தனி அலுவலகமே வைத்தார்.

ஆட்டுக்கு யாரும் சாலை போடவில்லை. அதனால் கிராவல் சைக்கிளுக்கு மூன்றிலும் கரடுமுரடானது இதுதான். சில இடத்தில் நல்ல சரளை, சில இடத்தில் வெறும் புல், சில இடத்தில் கல். நவெல்லி சமவெளியில் குங்குமப்பூ வயல்களை ஒட்டி ஓட்டும்போது பெல்தூயினும் என்ற ரோமானிய நகரத்தின் இடிபாடு எதிரே வரும். அங்கிருந்து மேலே ஏறினால் 1,250 மீட்டர் உயரத்தில் சாண்தோ ஸ்தேஃபனோ தி செஸ்ஸானியோ. ஃபுளோரன்ஸின் மெதிச்சி குடும்பம் கம்பளிக்காகவே கையில் வைத்திருந்த ஊர். 2009 நிலநடுக்கத்தில் விழுந்த அதன் கோபுரத்தைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். இன்னும் மேலே ரோக்கா கலாஷோ கோட்டை, அதற்கப்பால் காம்போ இம்பெராத்தோரே பீடபூமி. அந்த வெட்டவெளியில், 2,912 மீட்டர் உயரமுள்ள கோர்னோ கிராந்தே சிகரம் எதிரே நிற்க, காற்றை எதிர்த்து ஓட்டுவது டஸ்கனியில் கிடைக்காத அனுபவம். நடுவே இறைச்சிக்கடை ஒன்றில் ஆட்டுக்கறிக் குச்சிகளை வாங்கி, வெளியே இருக்கும் கரியடுப்பில் நாமே சுட்டுச் சாப்பிடலாம்.

மந்தைக் காவலுக்கு வெள்ளை நிறப் பெரிய நாய்கள் இருக்கும். ஓநாயை விரட்ட வளர்த்தவை. நாய் குரைத்தால் வேகமாக ஓட்டித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு, மந்தையை விட்டு விலகி மெதுவாக நடங்கள்.

எதற்கு எது

டயரில், சியெனாவுக்கு 38 அல்லது 40 மில்லிமீட்டர் போதும், ரயில் தடத்துக்கும் அதுவே, அப்ருத்சோவுக்கு 45-க்குக் குறையாமல். கியரில் கஞ்சத்தனம் வேண்டாம். முன் பல்சக்கரத்தைவிடப் பின் பல்சக்கரம் பெரிதாக உள்ள கியர் ஒன்றாவது இருந்தால் சியெனாவில் இறங்கித் தள்ள வேண்டியிருக்காது. போய்ச் சேர்வதில் ஸ்பொலேட்டோதான் சுலபம், ரோம்–அங்கோனா ரயில் பாதையிலேயே இருக்கிறது. சியெனாவுக்கு ஃபுளோரன்ஸிலிருந்து ரயில். இரண்டுக்கும் போகும் பிராந்திய ரயில்களில் சைக்கிளைக் கழற்றாமல் ஏற்றலாம். லாக்விலாவுக்கு ரோமிலிருந்து நேரடி ரயில் கிடையாது, பேருந்துதான். காலம் என்று பார்த்தால் சியெனாவுக்கு ஏப்ரல், மே, செப்டம்பர் கடைசி, அக்டோபர். அப்ருத்சோ மலைமேல் ஜூனிலிருந்து செப்டம்பர் வரைதான், மற்ற மாதங்களில் பனி எப்போது வழியை மூடும் என்று சொல்ல முடியாது.

கிராவலுக்குப் புதியவர், பிள்ளைகளோடு போகிறவர், முழங்கால் தொல்லை உள்ளவர் எல்லாரும் ஸ்பொலேட்டோவுக்குப் போங்கள். பயிற்சி இருக்கிறது, நல்ல மண்சாலை வேண்டும், மாலையில் நல்ல ஊரில் நல்ல சாப்பாடு வேண்டும் என்றால் சியெனாதான். பூண்டும் தக்காளியுமாக வரும் பீச்சி என்ற கனமான நூடுல்ஸுக்காகவே இன்னொரு நாள் தங்கலாம். புகழுக்குத் தகுதியான இடம் அது.

எனக்கு ஒன்றுதான் என்றால் அப்ருத்சோ. அங்கே பல ஊர்களில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, காப்பிக் கடை ஒன்றுதான் இருக்கும். சைக்கிள்காரர் ஒருவர் வந்து ஒரு இரவு தங்கினால் அது அந்த ஊரில் கணக்கில் வரும் வருமானம். கியாந்தியின் மண்சாலைகளுக்கு 1997-இல் கிடைத்த கவனம் இந்தப் புல்வழிகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். போகிறவர்கள் மே கடைசியில் நவெல்லிப் பக்கத்திலிருந்து தொடங்கி, மேலே வழி திறந்திருக்கிறதா என்று ஊரில் கேட்டுக்கொண்டு ஏறலாம். பகல் ஒரு மணிக்கு மூடும் கடை நாலு மணிக்குத்தான் திறக்கும் என்பதால், ரொட்டியும் சீஸும் காலையிலேயே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.