அலுவலகத்துக்கும் காட்டுப்பாதைக்கும் ஒரே சைக்கிள்: எது தேறும்?

வாரத்தில் ஐந்து நாள் அலுவலகம், ஆறாம் நாள் காட்டுப்பாதை. இரண்டுக்கும் ஒரே சைக்கிள் வேண்டும் என்று தேடினால் மூன்று வகைகள் வந்து நிற்கும்: ஹைபிரிட், கிராவல், பின்பக்க சஸ்பென்ஷன் (அதிர்வை வாங்கும் அமைப்பு) இல்லாத மவுண்டன் பைக்கான ஹார்டெயில்.

ஹைபிரிட்டை முதலில் முடித்துவிடுகிறேன். 35 முதல் 45 மி.மீ. அகல டயர், நிமிர்ந்து உட்காரும் வசதி, மட்கார்டும் கேரியரும் மாட்டத் துளைகள். அலுவலகம் போய்வர இது போதும். ஆனால் பல மாடல்களில் 50 அல்லது 63 மி.மீ. மட்டுமே அமுங்கும் மலிவான சஸ்பென்ஷன் ஃபோர்க்கை, அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையை, மாட்டிவிடுகிறார்கள். எடை கூடுவதுதான் மிச்சம். மழை ஓய்ந்த மறுநாள் என் பழைய ஹைபிரிட்டை மண்பாதையில் இறக்கினேன். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே களிமண் அப்பிக்கொண்டு, அரைக் கிலோமீட்டருக்குள் சக்கரம் சுற்ற மறுத்தது. குச்சியால் நோண்டி எடுத்து, தோளில் தூக்கிக்கொண்டுதான் திரும்பினேன்.

கிராவல் கொஞ்சம் மயக்கும் வகை. கீழே வளைந்த ஹேண்டில்பார், பெரும்பாலும் சஸ்பென்ஷன் இல்லாத ஃபோர்க், 40 மி.மீ. அல்லது அதற்கும் அகலமான டயர். தார்ச்சாலையில் மூன்றிலும் இதுவே வேகம். எதிர்க்காற்றில் குனிந்து கீழ்ப்பிடியைப் பிடித்தால் வித்தியாசம் உடனே தெரியும். சரளைக்கும் கெட்டியான மண்தடத்துக்கும் அஞ்சாது. வேரும் பாறையுமாகச் செங்குத்தாக இறங்கும் இடத்தில்தான் சிக்கல்: உடல் எடை முன்பக்கம் சாய்கிறது, குறுகலான ஹேண்டில்பாரில் திருப்பும் பலம் போதவில்லை, ஒவ்வொரு கல்லும் மணிக்கட்டில் வந்து இடிக்கிறது.

என் ஓட்டு ஹார்டெயிலுக்கு. 100 முதல் 120 மி.மீ. அமுங்கும் ஃபோர்க், 2.2 அங்குல டயர், அகன்ற ஹேண்டில்பார். நகரத்தில் இது மந்தம்தான். ரப்பர் கட்டைகள் துருத்திய முரட்டு டயர் தார்ச்சாலையில் வண்டு போல ரீங்கரிக்கும். ஆனால் அங்கே நான் இழப்பது சில நிமிடங்கள். காட்டில் பொருந்தாத சைக்கிளோடு போனால் இழப்பது முழங்கைத் தோல். அந்த மந்தத்தையும் ஓரளவு குறைத்துவிடலாம். சாலையில் ஃபோர்க்கைப் பூட்டிவிட வேண்டும், இல்லையென்றால் மிதிக்கும் பலம் அதன் ஆட்டத்திலேயே கரையும். காற்றழுத்தம் என் எடைக்கு நகரத்தில் 40 பிஎஸ்ஐ, காட்டில் 25 சரியாக இருக்கிறது. இது ட்யூப்லெஸ் டயருக்கான கணக்கு; ட்யூப் போட்டவர்கள் இன்னும் சற்றுக் கூட்டிவைக்க வேண்டும், குறைந்தால் கல்லில் நசுங்கிப் பஞ்சராகும்.

வாங்கும்போது கேரியருக்கான துளைகளைப் பாருங்கள். பல ஹார்டெயில்களில் இருப்பதில்லை. தினமும் முதுகில் பையோடு வியர்த்து மிதிப்பது தண்டனை. அதேபோல், உங்கள் காட்டுப்பாதை என்பது உண்மையில் அகலமான மண்சாலைதான் என்றால், நான் சொன்னதை விட்டுவிட்டுக் கிராவலை எடுங்கள்.

என் ஹார்டெயிலின் 29 அங்குலச் சக்கரமும் சாலை சைக்கிள்களின் 700சி அளவுச் சக்கரமும் ஒரே 622 மி.மீ. ரிம் விட்டம் கொண்டவை. அதனால் 50 மி.மீ. வழுவழு டயர் வாங்கி வார நாட்களுக்கு மாற்றிக்கொண்டேன். மூன்றாம் வாரத்தோடு அந்த உற்சாகம் தீர்ந்தது. இப்போது நடுவில் கட்டைகள் தாழ்ந்தும் ஓரத்தில் உயர்ந்தும் இருக்கும் ஒரே ஜோடி டயர்தான் ஓடுகிறது; அந்த வழுவழு டயர்கள் ஆணியில் தொங்குகின்றன.