காட்டுக் கணக்கை எதில் வைப்பது: எக்செல்லா, டேட்டாபேஸா, சிஎஸ்வியா?

புக்கிட் தீமா காட்டுக்குள் 2 ஹெக்டர் ஆய்வு பிளாட் ஒன்று இருக்கிறது. பிளாட் என்றதும் சிங்கப்பூரில் வீவக (அரசு கட்டிய அடுக்குமாடி) வீடுதான் ஞாபகம் வரும். இது மரங்கள் குடியிருக்கும் பிளாட். 1993-இல் அளக்கத் தொடங்கினார்கள். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் தண்டின் விட்டம் 1 செ.மீ. இருந்தால் போதும், விரல் பருமன் கன்றுக்குக்கூட எண் பொறித்த தகடு மாட்டி, நிற்கும் இடத்தைக் குறித்து, இனத்தையும் எழுதிவிடுவார்கள். சில வருஷம் கழித்து மறுபடியும் அதே மரம், அதே உயரம், அதே டேப். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் 1980-களில் தொடங்கிய முறை இது.

இப்படிப்பட்ட தரவுகளோடு மல்லுக்கட்டிச் சம்பளம் வாங்குபவன் நான். எங்கள் ஒப்பந்தம் ஆய்வு நிதியோடு முடிந்துவிடும். இரண்டு வருஷம், மிஞ்சினால் மூன்று. கணக்கெடுப்போ சுமார் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை. போன முறை எழுதியவரிடம் "அக்கா, இது என்ன எண்?" என்று கேட்கலாம் என்றால் அக்கா ஊரிலேயே இருக்க மாட்டார். எழுதியவர் போன பிறகும் கணக்கு பிழைக்குமா? எக்செல், டேட்டாபேஸ், சிஎஸ்வி மூன்றையும் நான் இந்தத் தராசில்தான் நிறுக்கிறேன்.

எக்செல்லை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வந்த அன்றே வேலையைத் தொடங்கலாம். அதன் தொல்லையே அளவுக்கு மீறிய உதவிதான். நான் சேர்ந்த புதிதில் ஒரு பழைய கோப்பைத் திறந்தேன். தேதி நெடுவரிசையில் சில எண்கள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டிக்கொண்டு நின்றன. அமெரிக்க அமைப்பில் இருந்த மடிக்கணினியில் யாரோ தட்டச்சு செய்திருக்கிறார்கள். 3/4 என்று எழுதிய ஏப்ரல் 3 சத்தமில்லாமல் மார்ச் 4 ஆகிவிட்டது. ஏப்ரல் 13-ஐ மட்டும் எக்செல்லால் திருப்ப முடியவில்லை, பதின்மூன்றாம் மாதம் கிடையாதே. அதனால் அது வெறும் எழுத்தாக இடப்பக்கம் நின்றது. அது மட்டும் காட்டிக்கொடுக்காவிட்டால் பாதி மரங்களின் வளர்ச்சிக் கணக்கு மாதக்கணக்கில் பிசகியிருக்கும். 00412 என்ற தகடு எண் 412 ஆவதெல்லாம் அன்றாடக் கதை. சில மரபணுக்களின் பெயரை எக்செல் தேதியாக்குகிறது என்பதற்காக மனித மரபணுப் பெயர்க்குழுவே 2020-இல் அந்தப் பெயர்களை மாற்றிய விஷயத்தை அறிவித்தது. அப்புறம் நாம் எம்மாத்திரம்?

டேட்டாபேஸ் இந்தச் சேட்டை எதுவும் செய்யாது. மரத்துக்கு ஓர் அட்டவணை, தண்டுக்கு ஒன்று, அளவுக்கு ஒன்று, இனப்பெயருக்கு ஒன்று. இதன் அருமை பலகை வேர் விடும் மரங்களில்தான் தெரியும். போன முறை 1.3 மீட்டரில் 42.6 செ.மீ. இருந்த மரம் என்று வைத்துக்கொள்வோம். வேர்ப் பலகை மேலேறிவிட்டதால் இந்த முறை 2 மீட்டரில் அளக்கிறோம்; 39.8 வருகிறது. எக்செல்லில் இரண்டு எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் மரம் இளைத்துவிட்டது போலத் தெரியும். டேட்டாபேஸில் ஒவ்வொரு அளவோடும் அளந்த உயரமும் சேர்ந்தே பதிவாக வேண்டும் என்று விதி வைக்கலாம். உயரம் எழுதாமல் அது உள்ளே விடாது.

பெயர் மாற்றத்திலும் அப்படித்தான். இங்குள்ள செராயா மரம் நெடுநாளாக ஷோரியா பேரினத்தில் இருந்தது. 2022-இல் அந்தப் பேரினத்தைப் பிரித்தார்கள். இப்போது அது ரூப்ரோஷோரியா. டேட்டாபேஸில் ஒரு வரி மாற்றினால் முடிந்தது. எக்செல்லில் ஆறு தாள்களில் தேடி மாற்றி, ஏழாவது ஒன்று இருந்ததை அடுத்த வருஷம் கண்டுபிடிப்போம்.

ஆனால் என் தராசில் இது தாழ்வது வேறு இடத்தில். நண்பர் வேலை பார்த்த ஓர் ஆய்வுக்கூடத்தில் அழகான டேட்டாபேஸ் இருந்தது. கட்டியவர் ஊருக்குப் போனார், சர்வரை மாற்றினார்கள், கடவுச்சொல் யாரிடமும் இல்லை. கடைசியில் கைகொடுத்தது யாரோ ஒருவர் பென்டிரைவில் எடுத்துப்போன பழைய எக்செல் நகல்! மலேசியாவின் பாசோ காட்டு பிளாட்டைப் போல 50 ஹெக்டர், ஒரு கணக்கெடுப்புக்கு 3 லட்சத்துக்கும் மேல் மரங்கள் என்றால் வேறு வழியில்லை. நான்கு கணக்கெடுப்பை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தாலே எக்செல்லின் 10,48,576 வரிசைகள் போதாது. அங்கே டேட்டாபேஸும், அதற்கென்று நிரந்தரச் சம்பளத்தில் ஓர் ஆளும் வேண்டும்.

2 ஹெக்டருக்கு? என் ஓட்டு சிஎஸ்விக்கு. அதே நான்கு அட்டவணைகள்தான், ஆனால் காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்புகளாக. நோட்பேடிலும் திறக்கும், இருபது வருஷம் கழித்தும் திறக்கும். மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) மென்பொருளில் வைத்தால் எந்த எண்ணை யார், என்று, ஏன் மாற்றினார் என்பது வரிவரியாக நிற்கும். குறை ஒன்று உண்டு: காவல்காரன் கிடையாது. ஒரே எண் இரண்டு மரத்துக்கா, போன முறை செத்தது இந்த முறை உயிரோடு வந்திருக்கிறதா என்று பார்க்க ஆர் (R) என்ற கணினி மொழியில் நிரல் நாமே எழுதி, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஓட்ட வேண்டும். சோம்பேறிக்கு இது ஆகாது. இதே கோப்பை எக்செல்லில் இருமுறை சொடுக்கித் திறந்து சேமித்தால் பழைய கதைதான். தட்டச்சுக்கு மட்டும் எக்செல், அதுவும் எல்லா நெடுவரிசையையும் எழுத்து வடிவத்தில் பூட்டி வைத்து.

எதில் வைத்தாலும் ஒரு நகல் பல்கலைக்கழகக் காப்பகத்துக்குப் போகட்டும். நன்யாங் பல்கலைக்கழகத்தில் டேட்டாவெர்ஸ் என்ற காப்பக மென்பொருளின் அடிப்படையில் ஒன்று இருக்கிறது. கிட் கோப்புகளை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் வேலை செய்யும் இடம், காப்பகம் அல்ல. பொதுவில் போடும்போது அகில் போன்ற மரங்களின் இருப்பிடத்தை மட்டும் எடுத்துவிடுவது நல்லது. வாசனைக்காக வெட்டுகிறவர்களுக்கு நாமே வழிகாட்டிப் பலகை வைக்க வேண்டாம்.

மூன்றிலும் அடங்காத ஒன்றும் உண்டு. போன மாதம் பழைய ஈரம் தாங்கும் தாள்களை ஸ்கேன் செய்தபோது, ஒரு மரத்தின் பக்கத்தில் பென்சிலில் "கறையான். அடுத்த முறை தட்டிப் பார்" என்று இருந்தது. தட்டச்சு செய்தவர் அதை விட்டுவிட்டார், எழுத இடம் இல்லை. இப்போது அளவு அட்டவணையில் 'குறிப்பு' என்று ஒரு நெடுவரிசை சேர்த்திருக்கிறேன்.