நாய் மூட்டுவலிக்கு வாட்ஸ்அப்ல விக்கிற பவுடர், வாங்கிடாதீங்க

எங்க புஜ்ஜிக்கு பத்து வயசு, லேப்ரடார், 38 கிலோ. போன மார்கழில இருந்தே காலைல எழுந்திரிக்க ரொம்ப சிரமப்படுவான், முன்னங்கால ஊன்றி பின்பக்கத்த இழுத்துதான் நிப்பான், மொசைக் தரைல பின்னங்கால் ரெண்டும் வழுக்கிட்டுப் போகும். பக்கத்து டாக்டர் எக்ஸ்ரே பாத்து, இடுப்பு மூட்டு தேஞ்சிருக்கு, எடைய குறைங்கன்னு சொல்லி மெலாக்சிகம்னு வலி மாத்திரை குடுத்தாரு. எங்க வீட்ல எங்க எடைய குறைக்கிறது, அம்மா தட்டுல பாதி தோசை அவனுக்குத்தான்.

அப்பதான் வாட்ஸ்அப் க்ரூப்ல ஒருத்தர் "முழுக்க மூலிகை, சைடு எஃபெக்டே இல்ல சார்"னு ஒரு பவுடர் போட்டாரு. டப்பா 1,800 ரூபா, ரெண்டுக்கு ஜிபே பண்ணேன். வந்த டப்பா மேல ஒரு நாய் படம், அவ்ளோதான், என்ன சேத்திருக்குன்னு இல்ல, பேட்ச் நம்பர் இல்ல, எக்ஸ்பயரி இல்ல. டாக்டர் மாத்திரையோட சேத்து குடுக்கலாமான்னு கேட்டா "தாராளமா குடுங்க சார்".

மூணாவது நாள் மாடிப்படி ஏறி வந்து என் கட்டில்ல குதிச்சான். அம்மா சுத்திப் போட்டாங்க. தேஞ்ச மூட்டு மூணு நாள்ல எப்படிடா சரியாகும்னு அன்னிக்கே எனக்கு உறைச்சிருக்கணும். ரெண்டு வாரத்துல கிண்ணம் கிண்ணமா தண்ணி, ராத்திரி மூணு தடவ ஹால்லயே ஒண்ணுக்கு, சும்மா படுத்திருக்கும்போதே மூச்சிரைப்பு, பசி வேற அடங்கவே இல்ல. பவுடர் வித்தவர்கிட்ட சொன்னா "நச்சு வெளிய போகுது சார், நல்லதுதான்". ஒரு நாள் காலைல ஆய் தார் மாதிரி கருப்பா பிசுபிசுன்னு போனான்.

வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோல தூக்கிட்டு ஓடினோம். எல்லாத்தையும் கேட்டுட்டு, பவுடர்ல ஸ்டீராய்டு, அதாவது வீக்கத்தையும் வலியையும் சட்டுனு அமுக்குற மருந்து, கலந்திருக்கும் போல, கூட மெலாக்சிகமும் சேந்து வயித்துல புண்ணாக்கிடுச்சு, கருப்பா போறது உள்ள கசியிற ரத்தம்னாங்க. மெலாக்சிகத்த உடனே நிறுத்திட்டாங்க, வயித்துக்கு மருந்து குடுத்தாங்க, ஆனா ஸ்டீராய்ட திடீர்னு விட்டா உடம்பு தானா சுரக்க வேண்டியது சுரக்காம சுருண்டு விழுந்துடும்னு அளவு தெரிஞ்ச மாத்திரையா மாத்தி கொஞ்சம் கொஞ்சமா குறைச்சாங்க. யாராவது இந்த மாதிரி பவுடர் குடுத்துட்டிருந்தா நீங்களா நிறுத்தாம டப்பாவோட இன்னிக்கே டாக்டர்கிட்ட போங்க.

அந்த ஆள் என்ன ப்ளாக் பண்ணிட்டாரு, 3,600 போனது போனதுதான். அதே டப்பா போட்டோ வேற பேர்ல இன்னொரு க்ரூப்ல ஓடுது.

புஜ்ஜி இப்ப 34 கிலோ, தோசை கட், படுக்கைலேந்து தண்ணி கிண்ணம் வரைக்கும் யோகா மேட் வெட்டிப் போட்டிருக்கோம். கட்டில்ல குதிக்கிறதில்ல, கீழ நின்னு தலைய மட்டும் மேல வச்சுக்கிறான்.