ஸ்போர்ட்ஸ் காரைத் தாழ்த்த மூன்று வழிகள்: குட்டை ஸ்பிரிங், காயில்ஓவர், ஏர் சஸ்பென்ஷன்

ஸ்போர்ட்ஸ் காரின் உயரத்தைக் குறைக்க விரும்புகிறவர் முதலில் கேட்பது, எத்தனை மில்லிமீட்டர் இறக்கலாம் என்பதுதான். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே தெரியும் வெற்றிடம் கண்ணை உறுத்துவதால் அந்தக் கேள்வி எழுவது இயல்பே. ஆனால் கிடைக்கிற வழிகளை எடைபோட அது சரியான அளவுகோல் அன்று. கார் தாழ்ந்த பிறகு, மேட்டில் ஏறும் சக்கரம் மேல்நோக்கி நகர இன்னும் எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்பதையே பார்க்க வேண்டும். அந்த மிச்சத்தை ஒவ்வொரு வழியும் எப்படிக் கையாளுகிறது என்பதை வைத்தே இங்கு மூன்றையும் ஒப்பிடுகிறேன்.

முதலில் ஆதாயத்தை அளந்துகொள்வோம். 1,400 கிலோ எடையும், தரையிலிருந்து 480 மி.மீ. உயரத்தில் ஈர்ப்பு மையமும், இடது வலது சக்கரங்களுக்கிடையே 1,550 மி.மீ. அகலமும் உள்ள ஒரு காரை எடுத்துக்கொள்ளுங்கள். வளைவில் 1 ஜி அளவுக்கு (புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமாக)ப் பக்கவாட்டு முடுக்கம் எழும்போது, உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும் பாரம் ஏறத்தாழ 434 கிலோ. ஈர்ப்பு மையம் முழுதாக 25 மி.மீ. இறங்கியதாக வைத்துக்கொண்டால் அது 411 கிலோவாகிறது. அதாவது சுமார் 5 சதவீதம் குறைகிறது. பாரம் கூடக் கூட டயரின் பிடிப்பு அதே விகிதத்தில் கூடுவதில்லை என்பதால், நான்கு டயர்களுக்கும் பாரம் சற்றே சமமாகப் பகிரப்படுவது உண்மையான லாபம்தான். ஆனால் அது 5 சதவீத லாபம் என்பதை மறந்துவிட்டு, அதற்காக எதையும் விட்டுக்கொடுக்கத் துணிவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

இனி, இதற்கு நாம் கொடுக்கும் விலை. கம்பெனி உயரத்தில் நிற்கும் காரில், சக்கரத்தின் மேலேற்றத்தைக் கடைசியில் தடுக்கும் மெத்தை போன்ற பம்ப் ஸ்டாப் முழுதாக நசுங்கும் வரை சக்கரம் மேலேற 80 மி.மீ. இடம் இருந்தது என்று கொள்வோம். ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் டேம்பரை (ஷாக் அப்சார்பரை) மாற்றாமல் 25 மி.மீ. தாழ்த்தினால் 55 மி.மீ.தான் மிஞ்சும். ஸ்பிரிங் உள்வாங்கும் ஆற்றல் அது சுருங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே முன்பு 80 மி.மீ.யில் தாங்கிய அதே அதிர்வை இப்போது 55 மி.மீ.க்குள் தாங்க, ஸ்பிரிங்கின் விறைப்பு 2.1 மடங்காக வேண்டும். ஒரு சக்கரத்தின் மேல் 350 கிலோ உட்கார்ந்திருக்க, சக்கரத்தில் கணக்கிட்ட விறைப்பு மில்லிமீட்டருக்கு 30 நியூட்டனாக இருந்தால், காரின் உடல் மேலும் கீழும் ஆடும் அதிர்வெண் சுமார் 1.5 ஹெர்ட்ஸ், விறைப்பை 60 நியூட்டனாக்கினால் 2.1 ஹெர்ட்ஸ். முதலாவது சாலையில் ஓட்டும் ஸ்போர்ட்ஸ் காரின் இயல்பு. இரண்டாவது ரேஸ் டிராக்கை நோக்கி வெகுதூரம் சென்றுவிட்ட காரின் இயல்பு. தாழ்வு, சொகுசு, அடி தாங்கும் திறன் ஆகிய மூன்றையும் ஒருசேரத் தருவதாகச் சொல்லும் எந்த விளம்பரத்தையும் இந்தக் கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

குட்டை ஸ்பிரிங் எனப்படும் லோயரிங் ஸ்பிரிங்குகளே மிக எளிய வழி. ஐபாக், எச் அண்ட் ஆர் போன்ற தயாரிப்பாளர்களின் சாலைக்கான தொகுப்புகள் பெரும்பாலும் 20 முதல் 35 மி.மீ. வரை இறக்குகின்றன. விறைப்பைக் கம்பெனி ஸ்பிரிங்கைவிட ஓரளவே கூட்டி, மீதியைப் படிப்படியாக விறைக்கும்படி சுற்றிய சுருள்களிடம் விடுகின்றன. இங்கே இரண்டு மடங்கு விறைப்பு கிடைப்பதில்லை. ஆகவே கடும் மேட்டில் மீதி வேலை பம்ப் ஸ்டாப்பின் தலையில்தான் விழும். பல கார்களில் பம்ப் ஸ்டாப்பே இரண்டாவது ஸ்பிரிங்காகத் திட்டமிடப்பட்டிருப்பதால், அதைத் தொடுவது மட்டும் குற்றமல்ல. வளைவின் நடுவில் வெளிப்பக்க முன்சக்கரம் அதில் திடீரென்று உட்கார்ந்தால், முன்பக்க விறைப்பு ஒரே கணத்தில் எகிறி, ஸ்டீயரிங் திருப்பிய அளவுக்குக் கார் திரும்ப மறுக்கும். அதே நிகழ்ச்சி பின்சக்கரத்தில் நடந்தால் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு வெளியே போகும். அதுதான் ஆபத்து.

கம்பெனி டேம்பரோடு குட்டை ஸ்பிரிங் சேரவே சேராது என்று சிலர் அடித்துச் சொல்வதை நான் ஏற்கவில்லை. விறைப்பு 25 சதவீதம் கூடினால், டேம்பரின் ஒப்பீட்டுக் கட்டுப்பாடு சுமார் 10 சதவீதமே குறைகிறது. நல்ல நிலையில் உள்ள டேம்பர் அதைச் சமாளிக்கும். 20 மி.மீ. இறக்கிவிட்டு அதன்பின் எதையும் தொட விரும்பாதவருக்கு, தேய்ந்துபோகாத டேம்பர்களோடு சேர்த்துப் போட்ட குட்டை ஸ்பிரிங் நாணயமான தீர்வு. ஆனால் உயரம் பிடிக்காவிட்டால் மாற்ற வழியில்லை. இடது வலது வேறுபாட்டைத் திருத்தவும் வழியில்லை. கம்பெனி ஸ்பிரிங்கையே அறுத்துக் குட்டையாக்குவதை நான் ஒரு வழியாகக் கணக்கில் எடுக்கவே இல்லை. சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையிலிருந்து நழுவ வாய்ப்பிருக்கும் வேலையை யாரும் செய்யக்கூடாது.

ஸ்பிரிங்கும் டேம்பரும் ஒரே அமைப்பாகச் சேர்ந்து, உயரத்தை மாற்றவல்ல காயில்ஓவரைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. காரணம், அந்தப் பெயருக்குள் இரண்டு வெவ்வேறு அமைப்புகள் ஒளிந்திருக்கின்றன. முதல் வகையில் டேம்பரின் உடல் நீளம் மாறாது. மரை வெட்டிய உடலில் ஸ்பிரிங் உட்காரும் வளையத்தைத் திருகித்தான் உயரத்தை மாற்றுகிறோம். பில்ஸ்டீனின் பி14, பி16, கே.டபிள்யூ.வின் வேரியன்ட் வரிசை ஆகியவை பொதுவாக இவ்வகை. இரண்டாவது வகையில் டேம்பரின் அடிப்பகுதித் தாங்கியே தனி மரையில் ஏறி இறங்கும். ஸ்பிரிங்கைத் தொடாமல் டேம்பரின் மொத்த நீளத்தையே குறைத்துக் காரைத் தாழ்த்தலாம். டெய்னின் ஃப்ளெக்ஸ் இசட் அப்படிப்பட்டது. ஓலின்ஸின் ரோடு அண்ட் டிராக் வரிசையும் பல கார்களில் இப்படித்தான் வருகிறது.

முதல் வகையில் வளையத்தை 20 மி.மீ. இறக்கினால் டேம்பர் அமுங்க இருக்கும் இடத்திலும் 20 மி.மீ. போய்விடும். தயாரிப்பாளர் உடலை முன்கூட்டியே குட்டையாக்கி, இன்ன அளவிலிருந்து இன்ன அளவு வரை என்று வரம்பு தருவது இதனால்தான். அந்த வரம்பைத் தாண்டி இன்னும் இரண்டு மரை இறக்குகிறவர், காயில்ஓவருக்குக் கொடுத்த பணத்தைத் தாமே வீணாக்குகிறார். இரண்டாவது வகையில் டேம்பரின் அசைவுத் தூரம் எந்த உயரத்திலும் அப்படியே இருக்கும். அதனால் அதுவே மேல் என்று தோன்றும். நானும் வெகுநாள் அப்படியே நம்பி, என் காரில் முன்பக்கத்தை 40 மி.மீ. இறக்கினேன். முதல் பெரிய பள்ளத்திலேயே டயர் மட்கார்டின் உள்லைனரை உரசிக் கிழித்தது. டேம்பருக்குள் இடம் மிச்சமிருந்ததே காரணம். பம்ப் ஸ்டாப் தடுக்கும் முன்பே டயர் மேலே போய் முட்டிவிட்டது. இவ்வகையில் சக்கரத்தை நிறுத்தும் பொறுப்பு தயாரிப்பாளரிடமிருந்து உங்கள் கைக்கு வந்துவிடுகிறது. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கியால் சக்கரத்தை மேலே ஏற்றி, டயர் எங்கே முட்டுகிறது, பம்ப் ஸ்டாப் எங்கே நசுங்குகிறது என்று அளந்து பார்க்காமல் இந்த வகையைப் பொருத்தக் கூடாது.

இன்னொரு தவறான நம்பிக்கையும் பரவியிருக்கிறது: வளையத்தை இறுக்கினால் ஸ்பிரிங் விறைக்கும் என்பது. சீரான சுருள் கொண்ட ஸ்பிரிங்கின் விறைப்பு வளையத்தால் மாறுவதில்லை. கார் உயர்கிறது, அவ்வளவே. சக்கரம் நகரும் தூரத்தில் ஸ்பிரிங் எத்தனை பங்கு நகர்கிறது என்ற அசைவு விகிதத்தையும் மறக்கக் கூடாது. டேம்பரே சக்கரத்தை மேல்பக்கம் தாங்கி நிற்கும் ஸ்ட்ரட் வகை முன்பக்கத்தில் வளையமும் சக்கரமும் ஏறத்தாழ ஒரே அளவு நகரும். ஆனால் டேம்பர் உள்பக்கமாகப் பொருத்தப்பட்டு விகிதம் 0.65 ஆக இருக்கும், மேலும் கீழுமாக இரு கைகள் சக்கரத்தைத் தாங்கும் டபுள் விஷ்போன் அமைப்பில், வளையத்தை 10 மி.மீ. இறக்கினால் கார் 15 மி.மீ. இறங்கும்.

காயில்ஓவரின் உண்மையான மேன்மை உயரத்தில் இல்லை, நான்கு மூலைகளின் பாரத்தைத் தனித்தனியே சரிசெய்ய முடிவதில் இருக்கிறது. நான்கு சக்கரங்களையும் நான்கு தராசுகளில் நிறுத்தி, ஓட்டுநரின் எடையை இருக்கையில் வைத்து, வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஆன்டி ரோல் பாரின் ஒருபக்க இணைப்பைக் கழற்றி, முன் இடதும் பின் வலதும் சேர்ந்து தாங்கும் பாரம் மொத்தத்தில் 50 சதவீதமாக வரும்வரை வளையங்களைச் சிறிது சிறிதாகத் திருகினால், கார் இடது வளைவிலும் வலது வளைவிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். குட்டை ஸ்பிரிங்கால் இதைத் தரவே முடியாது. டிராக்கில் ஓட்டுகிறவருக்கு இது ஒன்றே போதிய காரணம். டேம்பிங் திருகுகளைப் பொறுத்தவரை, பி14, வேரியன்ட் 1 ஆகியவற்றில் உயரம் மட்டுமே மாறும். பி16-இல் டேம்பர் விரியும்போதும் அமுங்கும்போதும் காட்டும் எதிர்ப்பு இரண்டும் சேர்ந்தே பத்துப் படிகளில் மாறும். வேரியன்ட் 3-இல் இரண்டும் தனித்தனியே. அளந்து, குறித்து வைத்துத் திருகும் பொறுமை இல்லாதவருக்கு, தயாரிப்பாளரே நன்றாக அமைத்துக் கொடுத்த, திருகு இல்லாத டேம்பர்தான் நல்லது.

எந்த வழியில் தாழ்த்தினாலும் சஸ்பென்ஷனின் கோணங்கள் மாறும். இதில் மூன்றுக்கும் வேறுபாடு இல்லை. காரின் அமைப்பே இதைத் தீர்மானிக்கிறது. ஸ்ட்ரட் வகையில் சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் தாங்கும் கீழ்க்கை படுக்கைவாட்டைத் தாண்டிச் சக்கரத்தை நோக்கி மேலேறத் தொடங்கினால், கார் சாயும் அச்சுப்புள்ளியான ரோல் சென்டர் ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழிறங்கும். இரண்டுக்கும் இடையிலான நெம்புகோல் நீள்வதால், தாழ்ந்த காரே அதிகம் சாயப் பார்க்கும்; அமுங்கும்போது கேம்பர் (சக்கரத்தின் மேற்பகுதி உள்நோக்கிச் சாயும் கோணம்) கூடுவதும் நின்றுவிடும்; ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணம் மாறி, மேட்டில் ஸ்டீயரிங் தானே திரும்பும். கீழ்க்கையின் நுனியில் நீளமான பால் ஜாயின்ட்டும் திருத்திய டை ராடு முனையும் போட்டு இதைச் சரிக்கட்டலாம். முன்பக்கம் ஸ்ட்ரட் கொண்ட டொயோட்டா ஜிஆர்86 போன்ற கார்களில் 25 மி.மீ.க்கு மேல் போவதானால் இந்தச் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். டபுள் விஷ்போன் கொண்ட மாஸ்டா எம்எக்ஸ்-5 தாழ்வைக் கூடுதலாகப் பொறுத்துக்கொள்ளும். 2021-இல் வந்த 992 தலைமுறை 911 ஜிடி3-இல் போர்ஷே முன்பக்க ஸ்ட்ரட்டைக் கைவிட்டு டபுள் விஷ்போனுக்கு மாறியதையும் இந்தப் பின்னணியில் பார்க்கலாம்.

ஏர் சஸ்பென்ஷன் வேறொரு கேள்விக்கான விடை. கம்ப்ரஸர், காற்றுத் தொட்டி, வால்வுகள், ரப்பர் பைகள், உயர உணரிகள் ஆகியவை சேர்ந்து, ஒரு பட்டனில் காரை இறக்கவும் ஏற்றவும் செய்கின்றன. முன்பக்க நீட்சி 950 மி.மீ., பம்பரின் அடி இடைவெளி 120 மி.மீ. உள்ள கார் சுமார் 7 டிகிரி சரிவில் ஏறும்; 25 மி.மீ. தாழ்த்தினால் அது 5.7 டிகிரியாகக் குறையும். பேஸ்மென்ட் பார்க்கிங் சரிவிலும் வேகத்தடையிலும் தினமும் இந்த வித்தியாசத்தோடு போராடுகிறவருக்குக் காற்றுதான் நிம்மதி. ஓட்டத்தில் மட்டும் குறை உண்டு. காற்றுப் பையின் விறைப்பு அதன் கனஅளவைப் பொறுத்து மாறுவதால், அமுங்க அமுங்க எதிர்ப்பு ஏறிக்கொண்டே போகும். டிராக்கில் இன்ன விறைப்பு என்று துல்லியமாக நிறுத்துவது கடினம். போர்ஷே பனமேராவிலும் டைகானிலும் ஏர் சஸ்பென்ஷன் தந்தாலும் ஜிடி3-இல் எஃகுச் சுருளையே வைத்திருக்கிறது. இதோடு எடையும், கசிவும், தொட்டியில் சேரும் ஈரமும் சேர்ந்துகொள்ளும். மேலும், ஒவ்வொரு உயரத்திலும் கேம்பரும், சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பி நிற்கும் கோணமான டோவும் மாறும் என்பதால் வீல் அலைன்மென்ட்டை ஓட்டும் உயரத்தில்தான் செய்ய வேண்டும்; பார்வைக்காக இன்னும் தாழ்த்தி ஓட்டினால் டயரின் உள்விளிம்பு சீக்கிரம் தேய்ந்துவிடும்.

சரிவு மட்டும்தான் உங்கள் சிக்கல் என்றால் காற்றுக்குப் போக வேண்டியதில்லை. காயில்ஓவரின் முன் ஸ்பிரிங்குகளுக்கு மேல் பொருத்தும் ஹைட்ராலிக் கோப்பைகள், தேவைப்படும்போது மட்டும் மூக்கைத் தூக்கிவிடும். ஓட்டும்போது எஃகுச் சுருளின் குணம் மாறாது. அதேபோல, காரில் ஏற்கெனவே மின்னணு டேம்பர்கள் இருந்தால், அவற்றை வைத்துக்கொண்டே உயரத்தை மாற்றவல்ல மரை வளையமும் ஸ்பிரிங்கும் கொண்ட தொகுப்புகள் கிடைக்கின்றன. பழைய டேம்பரைக் கழற்றி எறிந்துவிட்டு, எச்சரிக்கை விளக்கை அணைக்கத் தனிக் கருவி மாட்டுவதைவிட இதுவே எனக்குச் சரியாகப்படுகிறது.

சாலையிலும் டிராக்கிலும் ஓடும் காருக்கு நான் தேர்ந்தெடுப்பது, வரம்புக்குள் 20 முதல் 25 மி.மீ. மட்டும் இறக்கிய, வளையம் திருகும் வகைக் காயில்ஓவரைத்தான். உயரத்தைத் தரையிலிருந்து அளக்காமல், சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து, நான்கு எண்களையும் எழுதி வையுங்கள். டயர் தேய்வும் காற்றழுத்தமும் அந்த அளவைக் குழப்பாது. வளையத்தைத் திருகும் முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மரையைத் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் ஸ்பிரிங்குகள் ஓரிரு மில்லிமீட்டர் படியும் என்பதால், அதற்குப் பிறகு மீண்டும் அளந்து, பூட்டு வளையத்தை இறுக்கி, இறுதி வீல் அலைன்மென்ட்டையும் முகப்பு விளக்கின் மட்டத்தையும் அன்றே சரிசெய்துகொள்ளுங்கள்.